நாற்காலி போட்ட கடை

சனிக்கிழமையும் அதுவுமாக மஹ்முத்பாஷா சரிவுக் கடைத்தெருவுக்குத் துணி வாங்கப் போகிறவனுக்கு மூளை என்று ஒன்று இருக்க முடியாது என்பது நெஸ்ரினின் அபிப்பிராயம். தன் முன்னாள் புருஷனிடம் அதைத் தொலைபேசியில் வெளிப்படையாகவே சொன்னாள்.

"மாலுக்குக் கூட்டிட்டுப் போ. காவலுக்கு ஆள் இருக்கு, வாசலுக்கு வாசல் கேமரா இருக்கு. அந்தச் சரிவு மட்டும் வேணாம். அந்தக் கூட்டத்துல பெரியவங்களே தொலைஞ்சு போயிடுவாங்க."

"சரிம்மா தாயே, மாலுக்கே போறேன்" என்றான் தாஹ்சின். சொல்லும்போதே போகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

மகள் லாலே ஒன்றாம் வகுப்பு. ஏப்ரல் மாதப் பிள்ளைகள் விழாவில் அவள் வகுப்பு மேடையேறி ஆடப்போகிறது. அதற்கு ஒரு சிவப்புப் பாவாடை வேண்டும். இஸ்தான்புல்லில் பாவாடை வாங்க ஆயிரம் இடம் உண்டு. தாஹ்சினைக் கேட்டால் ஒரே இடம்தான். கல்யாணத் துணியா, சுன்னத் துணியா, பள்ளிக்கூட உடுப்பா, எல்லாவற்றுக்கும் மஹ்முத்பாஷா. மாலில் விற்கிற பெண் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலில் கிடக்கும் செருப்பைப் பார்க்கிறாள். விலை கேட்டால் சட்டையில் தொங்கும் சீட்டைக் காட்டுகிறாள். பேரம் பேச வழியே இல்லை. பேச வழியில்லாத இடத்தில் தாஹ்சினுக்கு என்ன வேலை? அவன் பிழைப்பே வாயால்தான்.

கடைவாசலில் மரப்பெட்டி மேல் ஏறி நின்று, போகிற வருகிறவர்களை உள்ளே கூவி அழைக்கிற ஆட்களில் அவன் ஒருவன். ஒருவன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். அவன்தான் முதல் ஆள். அவன் கூவினால் சரிவின் அடியில் படகுத்துறையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். கடைத்தெருவில் அவனுக்குக் 'கப்பல் சங்கு' என்றுதான் பெயர். அந்தச் சங்கை வீட்டிலும் ஊதினான் என்பதுதான் விவாகரத்தில் நெஸ்ரின் சொன்ன குற்றம். ஊதினான்தான். உப்பு கூடினால் சத்தம், கரண்டு போனால் சத்தம். "நான் ஒரு நாளும் கை நீட்டினதில்லை ஐயா" என்று கோர்ட்டில் பெருமையாகச் சொன்னான். நீதிபதி அதைக் கேட்டுக்கொண்டு பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார். தகப்பனுக்குச் சனிக்கிழமையைக் கொடுத்தார்.

வாரத்தில் மற்ற நாட்களில் அவனுக்கு மகள் இல்லை. சனிக்கிழமையன்று பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும் என்று நெஸ்ரினின் வக்கீல் கோர்ட் படிக்கட்டில் வைத்தே சொல்லியிருந்தார். அதனால்தான் வியாபாரம் கொட்டுகிற நாளில் வேலையை விட்டுவிட்டு, முகம் மழித்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மஹ்முத்பாஷாவில் அப்பாவை எல்லாருக்கும் தெரியும் என்பதை அவள் ஒரு தடவை பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அது தப்பா என்று கேட்டால், தப்பில்லைதான்.

மேலே, கூரை போட்ட பெரிய சந்தையின் வாசலிலிருந்து இறங்கினார்கள். லாலேயின் கடுகு நிறக் கம்பளிச் சட்டையில் சிவப்பு நாடா குத்தியிருந்தது. படிக்கப் பழகிய பிள்ளைக்கு டீச்சர் குத்திவிடுகிற நாடா. பனிக்காலத்தில் குத்தியது, இன்னும் கழற்ற விடுவதில்லை. கண்ணில் படும் பலகையையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள்.

"மொத்... தம். சில்... லறை. அப்பா, சில்லறைன்னா யாரு?"

"நம்மள மாதிரி ஆளுங்கம்மா."

அவள் அதை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

நாலாவது கடையிலோ ஐந்தாவது கடையிலோ பாவாடை அமைந்துவிட்டது. அத்தோடு தின்ன ஏதாவது வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் தாஹ்சின் வழக்கமாக நிற்கிற பெட்டி மேல் அன்று ரெம்ஸி நின்றுகொண்டிருந்தான். அவனும் கூவுகிறவன்தான், இரண்டாந்தரம்.

"டேய் சங்கு! லீவு போட்டுட்டுக் கடைக்கு வந்தியா? இதான் உன் பொண்ணா? அம்மா ஜாடை. தப்பிச்சுது."

"வாயை மூடுடா."

"அப்பன் என்ன வேலை பார்க்கிறான்னு பிள்ளைக்குக் காட்டினியா இல்லையா? ஏறு. ஒரே ஒரு தடவை கூவிட்டுப் போ."

தாஹ்சின் மகளைப் பார்த்தான். "இங்கேயே நில்லு செல்லம். அப்பாவைப் பாரு" என்று சொல்லிக் கையை விட்டான். பெட்டி மேல் ஏறினான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"வாங்க வாங்க வாங்க! மாப்பிள்ளைக்கும் இருக்கு, பொண்ணுக்கும் இருக்கு! மாமியார் வாயை அடைக்கிறதுக்கும் இருக்கு!"

தெருவே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். தாஹ்சின் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டுக் கீழே பார்த்தான். பாவாடைப் பை தரையில் கிடந்தது. லாலேயைக் காணவில்லை.

முதலில் சிரித்தபடியேதான் தேடினான். பெட்டிக்குப் பின்னால், கடைக்குள்ளே, தொங்கும் சட்டைகளுக்கு நடுவில். பிறகு சிரிப்பு நின்றது. தெரு முழுக்கத் தலைகள். பெண்களின் முக்காடுகள், மூட்டை சுமப்பவர்களின் முதுகுகள், தள்ளுவண்டிகள். அந்தக் கூட்டம் நின்று போகிற கூட்டம் இல்லை. சரிவில் வழிந்து, டிராம் தண்டவாளத்துக்கும் பஸ்களுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிற கூட்டம். அதற்குள் இடுப்பு உயரப் பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் தெரியாது.

"லாலே!" என்று கத்தினான். "லாலே...!"

ரெம்ஸிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவன் மடையன் இல்லை. பெட்டி மேல் தாவி ஏறி, "கடுகு கலர் சட்டை! நெஞ்சுல சிவப்பு நாடா! பேரு லாலே! நம்ம சங்கு பொண்ணு!" என்று கூவினான். மேல் கடைக்காரன் அதை வாங்கி மேலே கூவினான், கீழ்க் கடைக்காரன் வாங்கிக் கீழே கூவினான். மஹ்முத்பாஷாவில் பிள்ளை தொலைந்தால் இப்படித்தான். போலீஸ் வந்து சேருவதற்குள் சேதி மேலே சந்தை வாசலையும் கீழே மசாலாக் கடைகளையும் தொட்டுவிடும். தொலைந்த பிள்ளை தன் பெயரைக் கேட்டு அழுதுகொண்டே எங்கிருந்தாவது வந்துவிடும். இதுவரை வராத பிள்ளை இல்லை.

லாலே வரவில்லை.

தாஹ்சின் கடை கடையாக ஏறி இறங்கினான். துணி மாற்றும் அறைகளின் திரையை விலக்கினான். உள்ளே இருந்த பெண்கள் அலறினார்கள். மாடிப்படிகள், சரக்கு அறைகள், கழிப்பறைகள். பொத்தான் கடை, சரிகைக் கடை, சுன்னத்துக்குப் போடும் இளவரசர் உடுப்பு விற்கிற வெஹ்பி கடை. வெஹ்பி வயதில் மூத்தவர், நிதானமானவர். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே இல்ல தம்பி" என்றார்.

"பக்கத்துல?"

"ஷாகிர் கடையா? அவன் ஒரு சாவு வீட்டு ஜனாஸாவுக்குப் போயிருக்கான். நாற்காலி போட்டிருக்கு பாரு."

பார்த்தான். போர்வைக் கடை வாசலில் குறுக்கே ஒரு நாற்காலி கிடந்தது. கதவு திறந்தேதான் இருந்தது. நாற்காலி போட்டால் முதலாளி வெளியே போயிருக்கிறார், வரும்வரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று அர்த்தம். பூட்டை உடைக்கிறவன்கூட நாற்காலியைத் தாண்ட மாட்டான். தாஹ்சினும் உள்ளே பார்க்காமல் அந்தக் கடையைக் கடந்து கீழே ஓடினான். திரும்பி மேலே ஓடி வந்தபோதும் அதைக் கடந்துதான் ஓடினான்.

ஓடும்போது அவன் மனசு அவனை விடவில்லை. கையைப் பிடித்து ஒருவன் கூட்டிப்போகிறான். அப்பா அங்கே இருக்கார் வா என்கிறான். இவள் போகிறாள். கார்க் கதவு திறக்கிறது. சட்டைப்பையில் தொலைபேசி உறுத்திக்கொண்டே இருந்தது. நெஸ்ரினைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் சனிக்கிழமை முடிந்தது. இன்னும் கொஞ்சம் தேடலாம், கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று நினைத்தான். நினைத்த மறுகணமே, பிள்ளையைவிட உனக்கு அதுதான் பெரிசா என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் கூப்பிடவில்லை.

அப்போது கீழே, டிராம் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. யாரையெல்லாம் இடித்தான், யார் கூடை கவிழ்ந்தது என்றும் தெரியாது. தண்டவாளத்தருகே கூட்டம் வட்டமாக நின்றது. கூட்டத்துக்கு வெளியே வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்க்க அவனால் முடியவில்லை. "என்னங்க... சின்னப் பிள்ளையா?" என்று முன்னால் நின்ற முதுகிடம் கேட்டான். குரல் வரவில்லை. மறுபடி கேட்டான்.

"இல்லப்பா, வயசானவரு. மயங்கி விழுந்துட்டாரு."

தாஹ்சின் அப்படியே நடைமேடை ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்திவிட்டு மூன்றாவது தடவை நெஸ்ரினை அழைத்தான்.

"லாலேயைக் காணோம்" என்றான். "மஹ்முத்பாஷாவுல. என்னைத் திட்டு, என்ன வேணாப் பண்ணு. ஆனா இப்போ வா."

நெஸ்ரின் கேட்டது அவன் எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

"நீ கத்தினியா?"

"என்ன கேக்குறே? பிள்ளையைக் காணோம்! கத்தாம? தெருவே கத்துது!"

"அதுக்கு முன்னாடி. அவ போறதுக்கு முன்னாடி கத்தினியா?"

தாஹ்சின் பெட்டியை நினைத்தான். "சும்மா... கூவிக் காட்டினேன்."

"ஐயோ" என்றாள் நெஸ்ரின். கதவைச் சாத்துகிற சத்தமும், படியில் ஓடி இறங்குகிற சத்தமும் கேட்டன. "நிறுத்தச் சொல்லு. எல்லாரையும் நிறுத்தச் சொல்லு. நீ கத்தினா அவ ஒளிஞ்சுக்குவா. உனக்குத் தெரியவே தெரியாதா? நம்ம வீட்டுல, நீ கத்த ஆரம்பிச்சதும் போர்வை அலமாரிக்குள்ள போய்ப் படுத்துக்குவா. நீ வெளியே போனப்புறம்தான் நான் எடுப்பேன். எத்தனை தடவை வேர்த்துக் கிடந்திருக்கா தெரியுமா? இப்போ ஊரே அவ பேரைச் சொல்லிக் கத்துனா அவ எப்படி வருவா?"

அவனுக்குத் தெரியாது. தன் வீட்டில், தன் தலைக்குப் பக்கத்தில் இருந்த அலமாரிக்குள் மகள் கிடந்தது தெரியாது. கத்தி முடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது மகள் படம் வரைந்துகொண்டிருப்பாள். நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எழுந்து சரிவில் ஏறினான். "கூவாதீங்க" என்று முதல் பெட்டிக்காரனிடம் சொன்னான். "நிறுத்துங்கண்ணே. உங்களைக் கும்பிடுறேன், நிறுத்தச் சொல்லுங்க." அவன் தொண்டை கிழிந்துபோயிருந்தது, பாதிப் பேருக்கு உதட்டசைவுதான் தெரிந்தது. ஒரு பெட்டிக்காரன் வாயை மூடிக்கொண்டு அடுத்தவனுக்குக் கையால் சைகை காட்டினான். அடுத்தவன் அதற்கடுத்தவனுக்குக் காட்டினான். மேலே போகப்போகக் கூவல் அடங்கிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை மத்தியானம் மஹ்முத்பாஷாவில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வாங்க வந்த சனங்கள் என்னவோ ஏதோ என்று பயந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

போர்வை அலமாரி. தாஹ்சின் நடந்துகொண்டே அதையே சொல்லிக்கொண்டான். போர்வை. போர்வை. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

அவன் கீழே மண்டியிட்டதைப் பார்த்து வெஹ்பி ஓடி வந்தார். "தம்பி, நாற்காலி போட்டிருக்கு."

தாஹ்சின் தலையை ஆட்டினான்.

"யாரும் உள்ளே போகலப்பா. நான் இங்கேயேதானே இருக்கேன். ஷாகிர் என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போயிருக்கான்."

நாற்காலிக் கால்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளை குனிந்தால் நுழைந்துவிடலாம். வெஹ்பி அதை அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டார். தாஹ்சின் நாற்காலியை நகர்த்தவில்லை. நகர்த்தினால் சத்தம் வரும். தோளை ஒடுக்கிக்கொண்டு அதற்கு அடியிலேயே ஊர்ந்தான்.

உள்ளே இருட்டாக, கதகதப்பாக இருந்தது. சுவரோரம் கூரைவரை தடித்த பஞ்சுப் போர்வைகள் அடுக்கியிருந்தன. எங்கும் அசைவில்லை. இங்கேயும் இல்லையென்றால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தான், மூடிக்கொண்டான். ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கூப்பிடப் பயந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

எதிர்ச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது. அதைப் பார்த்தான். இருக்கிற குரலை வைத்து, காற்று மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு தெரியலையே. யாராச்சும் படிச்சுச் சொன்னா நல்லா இருக்கும்."

வெளியே யாரோ இருமினார்கள். அடி வரிசையில் இரண்டு போர்வைகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது.

"பஞ்... சு" என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல். "கம்... பளி. பட்... டு. தொட்... டுப் பார்க்... கலாம்."

தாஹ்சின் வாயில் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். அழுகைக்கும் சத்தம் உண்டே.

அவளாகவே ஊர்ந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. நாடா கோணலாகத் தொங்கியது. அவன் தொடவில்லை, தொடலாமா என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனைப் பார்த்தாள்.

"நாற்காலி போட்டிருந்தா உள்ளே வரக் கூடாதுன்னு தெரியாதாம்மா?"

"தெரியாது. மால்ல அப்படி இல்ல." பிறகு, "போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"எல்லாரும். நீ கோவமாக் கத்தினே. அப்புறம் எல்லாரும் கோவமாக் கத்தினாங்க. என் பேரைச் சொல்லி."

"கோவமில்ல கண்ணு. பயம். உன்னைக் காணோமேன்னு எல்லாருக்கும் பயம்."

லாலே நம்பவில்லை. "பயமா இருந்தா எப்படிக் கத்துவாங்க? எனக்குப் பயமா இருந்தா சத்தமே வராது" என்றாள்.

அதற்குள் வாசலில் ஷாகிர் வந்து நின்றார். "யார்யா அது உள்ளே? நாற்காலி கண்ணுக்குத் தெரியல?" என்று அதட்டினார். லாலே சட்டென்று போர்வைக்குள் பாதி போய்விட்டாள். தாஹ்சின் உதட்டில் விரலை வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். வெஹ்பி ஷாகிரின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னார். ஷாகிர் தலைக்குல்லாவை எடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

கடலுக்கு அடியில் ஓடுகிற ரயிலைப் பிடித்து வந்த நெஸ்ரின் வீட்டுச் செருப்போடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். லாலே ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நெஸ்ரின் பிள்ளையின் தலையிலிருந்து பஞ்சைப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்தும் கை நிற்கவில்லை. தாஹ்சின் தரையிலிருந்து எழாமல், அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தான். வக்கீல், கோர்ட், எது வேண்டுமானாலும் வரட்டும். சரியென்று சொல்லிவிடலாம் என்றிருந்தான்.

நெஸ்ரின் திட்டவில்லை. "எழுந்திரு. எல்லாரும் பார்க்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சனிக்கிழமை பத்தி இப்போ நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அவ வர்றேன்னா வரட்டும்" என்றாள்.

அவன் மகளைப் பார்த்தான். லாலே அம்மாவின் கோட்டுக்குள்ளிருந்து அவனைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"தொண்டை கட்டிடுச்சும்மா."

"எப்போ சரியாகும்?"

"சீக்கிரம் ஆயிடும். வேலைக்குப் போகணுமே. அடுத்த சனிக்கிழமைக்குள்ள நல்லா ஆயிடும், பாரு" என்றான் தாஹ்சின், அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

லாலேயின் முகம் வாடிவிட்டது.

"குரல் வந்துட்டா நான் எப்படிப்பா வர்றது?"

வெளியே ரெம்ஸி பெட்டி மேல் ஏறி மறுபடி கூவ ஆரம்பித்தான். மேலேயும் கீழேயும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். தாஹ்சினின் பிழைப்பு தெருவில் முழங்கிக்கொண்டிருந்தது. மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். அன்று முழுவதும் பயந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.